யூ இல்லாத க்யூ கையில் மாட்டினால்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஸ்கிராபிள் போட்டி வருகிறது, ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். யூ எழுத்து பின்னால் வராமல் க்யூ மட்டும் வரும் ஆங்கிலச் சொற்கள் என்று ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பெண் அர்த்தமே தெரியாமல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாளாம். "இதெல்லாம் நிஜமாகவே ஆங்கிலம்தானா சார்? இவற்றுக்கு என்ன அர்த்தம்? மறக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா?" என்கிறார்.

நான் ஆங்கில வாத்தியார் இல்லை. கிருஷ்ணகிரி பக்கம் வருவாய்த் துறையில் முப்பது வருஷம் சிட்டாவும் அடங்கலும் புரட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். பேத்தி இந்த ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அவள் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வருவாய்த் துறை அனுபவம்தான் அதிகம் உதவும் என்பதைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்வது தவறா என்றால், ஆட்டத்தைப் பொறுத்தவரை இல்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சில வாரங்களில் அகராதியை மண்டையில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். சரி, அது வேறு பிறவி. நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல் ஒட்ட வேண்டுமென்றால் அது எதிலாவது ஒட்ட வேண்டும். உங்கள் மகளுக்கு அதற்கு வேண்டியது ஊரிலேயே இருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னச் சிக்கல். தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் நாலாவது எழுத்தும் இருபதாவது எழுத்தும் ஒரே 'டி' ஆகிவிடும். அதனால் நாலாவதை டி என்றும் இருபதாவதை டீ என்றும் எழுதுகிறேன். இரண்டு 'பி'க்களுக்கும் அதே மாதிரி நீட்டல் போடலாம்தான். போட்டால் நன்றாக இருக்காது. குழப்பம் வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

க்யூவுக்கு ஏன் எப்போதும் பக்கத்தில் யூ நிற்கிறது? பழைய ஆங்கிலத்தில் ராணிக்கான சொல்லை சி, டபிள்யூ போட்டுத்தான் தொடங்கினார்கள். க்யூவே கிடையாது. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுப் பழக்கத்தில் எழுதிய எழுத்தர்கள் அந்த சி-டபிள்யூவை எடுத்துவிட்டு க்யூ-யூ போட ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து அந்த ஜோடி பிரியவில்லை. ஆகவே யூ இல்லாமல் க்யூ தனியாக நிற்கிறது என்றால், அந்தச் சொல் வெளியூர்க்காரன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எந்த ஊர்? பெரும்பாலும் அரபு நாடு. கொஞ்சம் சீனா.

அரபியில் இரண்டு 'க' உண்டு. ஒன்று நம் 'க' போல. இன்னொன்று தொண்டையின் அடியிலிருந்து வரும். அந்த எழுத்தின் பெயர் காஃப். ஆங்கிலத்தில் அறிஞர்கள் அரபுச் சொற்களை எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதியபோது, முதல் 'க'வுக்கு கே கொடுத்தார்கள், தொண்டைக் 'க'வுக்கு க்யூவைக் கொடுத்தார்கள். நமக்குத் தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'க'. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உருது பேசும் வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், தக்கணி உருதுவில் அந்தத் தொண்டைக் 'க' இன்னும் உரசிக்கொண்டு ஏறக்குறைய 'ஃக' மாதிரி வரும். எழுத்து என்னவோ அதே காஃப்தான்.

இப்போது அந்தத் தாளை எடுங்கள். டபிள்யூ, ஏ, க்யூ, எஃப். இது என்ன என்று லண்டனில் ஒரு பிள்ளையைக் கேட்டால் விழிக்கும். நம் ஊரில் வக்ஃபு வாரியம் என்று பெயர்ப்பலகையே இருக்கிறது. இறைவன் பெயரால் விட்டுக்கொடுத்த சொத்து. விற்கக் கூடாது, வருமானம் அறப்பணிக்குப் போக வேண்டும். எங்கள் பழைய நிலப் பதிவேடுகளில் கோயில் மானியத்துக்குப் பக்கத்திலேயே இந்தச் சொல்லும் இருக்கும். ஆட்டத்தில் நாலே எழுத்துக்கு 19 புள்ளி.

டீ, ஏ, எல், ஏ, க்யூ என்பது தலாக். 2017-இல் முத்தலாக் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது எல்லா ஆங்கிலப் பத்திரிகையிலும் தலைப்பில் நின்ற சொல். பி, யூ, ஆர், க்யூ, ஏ என்றால் புர்கா. இதில் யூ இருக்கிறதே என்று உங்கள் மகள் கேட்பாள். இருக்கிறது, ஆனால் க்யூவுக்குப் பின்னால் இல்லை, அதனால் இந்தக் கூட்டத்தில் சேரும். முகத்திரை மட்டும் நிகாப்: என், ஐ, க்யூ, ஏ, பி. தொழுகைக்கு நிற்கும் திசை கிப்லா: க்யூ, ஐ, பி, எல், ஏ. இங்கிருந்து அது மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து.

எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர் என்றால் பக்கீர். ஏழை, அதிலிருந்து துறவி. இதே சொல்தான் தமிழில் பக்கிரி ஆயிற்று. பக்கிரி என்று பெயர் வைத்தவர்களை நம் பக்கத்துக் கிராமங்களில் எல்லா மதத்திலும் பார்க்கலாம். க்யூ, ஏ, டி, ஐ என்பது காதி, நாம் காஜி என்கிறோம், நீதிபதி.

அதே எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றி க்யூ, ஏ, ஐ, டி என்று வைத்தால் காயித். தலைவன். காயிதே மில்லத் என்று பேருந்து நிலையச் சுவர்களில் படித்திருப்பீர்களே, சமுதாயத் தலைவர் என்று அர்த்தம். முகமது இஸ்மாயில் சாகிபுக்கு மக்கள் கொடுத்த பட்டம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மவர்கள் க்யூவுக்குப் பின்னால் ஒரு யூவைச் சேர்த்துவிட்டார்கள். பழக்கதோஷம். பலகையில் யூ போடாமல் வைக்கச் சொல்லுங்கள். காதியும் காயிதும் ஒரே நாலு எழுத்து, ஒரே 14 புள்ளி. எது பலகையில் இடம் கொள்கிறதோ அதை வைக்கலாம். இந்த ஜோடி பல ஆட்டங்களில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அரபுக் காஃப் இருக்கிற சொல் எல்லாம் ஆங்கிலத்தில் க்யூவோடு வராது. ரொம்ப நாளைக்கு முன்பே ஐரோப்பாவுக்குள் போன சொற்கள் ஊர் ஊராய்ச் சுற்றி உருமாறிவிட்டன. காபிக்கு மூலம் அரபு 'கஹ்வா'. அதில் காஃப் உண்டு, ஆங்கிலத்தில் சி. பருத்திக்கான ஆங்கிலச் சொல்லும் அரபு 'குத்ன்'தான், அதுவும் சி. பின்னால் வந்து, அறிஞர் கைப்பட எழுதப்பட்டவைதான் க்யூவைத் தக்கவைத்துக்கொண்டன.

என் பழைய அலுவலகமே இதற்கு உதாரணம். தாலுகா, பிர்க்கா, இலாகா, கஸ்பா, கிஸ்தி, பாக்கி. வருவாய்த் துறையில் நாள் முழுக்கப் புழங்கிய சொற்கள். ஆறிலும் காஃப் இருக்கிறது. முப்பது வருஷம் தொண்டைக் 'க'வுக்கு நடுவே குடித்தனம் நடத்திவிட்டு அது தெரியாமலே ஓய்வு பெற்றேன். இவற்றில் தாலுகாவைப் பாருங்கள். அரபு 'தஅல்லுக்', அதாவது ஒட்டியிருப்பது, சேர்ந்திருப்பது. ஒரு ஊரைச் சேர்ந்த நிலப்பகுதி. தலாக் என்றால் விடுவிப்பது. ஒன்று சேர்ப்பு, ஒன்று பிரிப்பு, வேர் வேறு வேறு, ஆனால் கடைசி எழுத்து இரண்டிலும் காஃப்தான். கம்பெனி குமாஸ்தாக்கள் தாலுகாவைக் காதில் விழுந்தபடி கே போட்டு எழுதிவிட்டார்கள். அகராதியிலும் அது கே-யோடு ஏறிவிட்டது. தலாக்குக்கு க்யூ கிடைத்தது. ஆகவே உங்கள் மகள் அரபுச் சொல் என்று தெரிந்ததும் ஆசைப்பட்டு க்யூவை இறக்கிவிடக் கூடாது; தாளில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று எழுத்தில் இரண்டு முக்கியம். க்யூ, ஏ, டீ என்பது காத். ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் கன்னத்தில் அடக்கி மெல்லும் ஒரு இலை. நம் வெற்றிலை மாதிரி என்று சொல்லிவிடலாம், ஆனால் இதில் போதை உண்டு. எஸ், யூ, க்யூ என்பது சூக், சந்தை. போச்சம்பள்ளி சந்தையை அரபுக்காரர் பார்த்தால் சூக் என்றுதான் சொல்வார்.

காணாத் என்றொரு ஐந்தெழுத்துச் சொல் உண்டு: க்யூ, ஏ, என், ஏ, டீ. இதை எனக்குப் பிடித்ததால் மட்டுமே சொல்கிறேன். ஈரானில் மலையடிவாரத்தில் ஆழக் கிணறு வெட்டி, அங்கே கிடைக்கும் நிலத்தடி நீரைப் பூமிக்குள்ளேயே லேசான சரிவில் சுரங்கம் தோண்டி, பல மைல் தூரத்து ஊருக்குக் கொண்டுபோவார்கள். பம்பு கிடையாது, கரண்ட் கிடையாது, வெயிலில் ஆவியாவதும் குறைவு. வழியெல்லாம் வரிசையாகச் செங்குத்துக் குழிகள், காற்றுக்கும் தூர் வாருவதற்கும். 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தில் பீதரில், ஒன்று இருக்கிறது. ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வருகிற தர்மபுரி மாவட்டத்துக்காரனுக்கு இந்தச் சொல் எப்படி மறக்கும்?

அரபு போதும். சீனத்துக்கு வருவோம், ஏனென்றால் ஆட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பயன்படுவது அங்கிருந்து வந்த இரண்டெழுத்துச் சொல். க்யூ, ஐ. உச்சரிப்பு 'சீ'. உயிர்மூச்சு, உடம்பில் ஓடும் சக்தி. நம் பிராணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனர்கள் 1958-இல் தங்கள் மொழியை ரோமன் எழுத்தில் எழுத அதிகாரபூர்வமாக ஒரு முறையை ஏற்றுக்கொண்டார்கள். அதில் 'ச' போன்ற ஓர் ஒலிக்குச் சும்மா கிடந்த க்யூவை எடுத்துக்கொண்டார்கள். அதனால் எழுத்து க்யூ, ஒலி சீ. க்யூ, ஐ, என் என்றால் நரம்பு மீட்டும் சீன வாத்தியம். அமெரிக்க ஆட்டப் பட்டியலில் இந்தச் 'சீ' 2006-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் அங்கே விளையாடியவர்கள் க்யூ வந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஏன் இவ்வளவு கவலை என்று கேட்டால், கணக்கு அப்படி. ஆட்டத்தில் மொத்தம் 100 கட்டைகள். ஈ மட்டும் 12. க்யூ ஒன்றே ஒன்று, மதிப்பு 10. இந்தக் கணக்கைப் போட்டவர் ஆல்ஃப்ரெட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியிருக்கிறார். ஸ்கிராபிள் என்ற பெயர் 1948-இல் வந்தது. யூ கட்டைகள் நாலுதான். அந்த நாலும் போய்விட்ட பிறகு உங்கள் பலகைச் சட்டத்தில் க்யூ உட்கார்ந்திருந்தால், கடைசியில் எதிராளி ஆட்டத்தை முடிக்கும்போது உங்களுக்கு 10 கழியும், அவருக்கு 10 கூடும். அதே க்யூவை மும்மடங்கு எழுத்துக் கட்டத்தில் வைத்து, குறுக்கே ஒரு 'சீ', நெடுக்கே ஒரு 'சீ' என்று அமைத்துவிட்டால் 62 புள்ளி. இரண்டு கட்டையில் ஆட்டமே திரும்பிவிடும்.

மீதி மூலைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். க்யூ, ஓ, பி, எச் என்று ஒரு சொல் தாளில் இருக்கும் (ஆங்கிலத்தின் பதினாறாவது எழுத்தான பி). எபிரேய மொழியில் தொண்டைக் 'க'வுக்கான எழுத்தின் பெயர். ஆங்கில க்யூவே இதன் பேரப்பிள்ளைதான், பினீசியரிடமிருந்து கிரேக்கர், ரோமர் வழியாக வந்தது. கணினி விசைப்பலகையின் மேல்வரிசை முதல் ஆறு எழுத்துகளும் ஒரு சொல்லாகச் செல்லும். மனப்பாடமே வேண்டாம், விசைப்பலகையைப் பார்த்தால் போதும்.

மற்ற முரட்டு எழுத்துகளுக்கும் இதே புத்திதான். ஜே எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல் அநேகமாக இல்லை. சொல் கடைசியில் 'ஜ' ஒலி வந்தால் ஜி-ஈ போட்டு எழுதுவது அவர்கள் வழக்கம். அதனால் ஜேயில் முடிந்தால் அது நம் பக்கத்து ஆள்: ராஜ், தாஜ், ஹஜ். மூன்றும் மூன்று எழுத்து, மூன்றும் செல்லும்.

இசட்டில் எனக்குப் பிடித்தது ஏ, டி, இசட். தச்சர் காலுக்கு நடுவில் மரத்தை நிறுத்திச் செதுக்குவாரே, அந்த வாய்ச்சி. பிள்ளைகளுக்கு வாய்ச்சியும் தெரியாது, இதுவும் தெரியாது. ஒரே நாளில் இரண்டு மொழியிலும் கற்றுக்கொடுத்துவிடலாம். இசட், ஏ, எக்ஸ் என்பது கூரைக்குப் போடும் பலகைக் கல்லை வெட்டி ஆணித்துளை போடும் கருவி. கிரானைட் ஊர்க்காரர்களுக்குக் கல் வெட்டும் கருவி ஒன்று 19 புள்ளி தருகிறது என்றால் சந்தோஷம்தானே. பேனாவுக்கு வரும் பி, அப்புறம் ஒய், எக்ஸ்: நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துப்போகும் சிறு சிமிழ். எலத்தகிரிப் பக்கம் யாரைக் கேட்டாலும் பொருளைக் காட்டுவார்கள், பெயர்தான் புதிதாக இருக்கும். எல், யூ, எக்ஸ் வெளிச்சத்தின் அளவு. லத்தீனில் ஒளி. குளியலறையிலேயே படித்திருக்கிறோம்.

உயிரெழுத்தே இல்லாமல் சி, டபிள்யூ, எம் என்று ஒன்று வரும். வேல்ஸ் மொழியில் டபிள்யூ 'ஊ' ஒலிக்கும், ஆகவே இது 'கூம்'. மலைச்சரிவில் கிண்ணம் போல் குழிந்த பள்ளத்தாக்கு. எவரெஸ்ட் ஏறும் வழியில் 'வெஸ்டர்ன் கூம்' என்ற இடத்துக்கு 1921-இல் மலோரி வைத்த பெயரில் இந்தச் சொல் இருக்கிறது. டீ, எஸ், கே என்பது நாம் சலித்துக்கொள்ளும் 'ப்ச்'.

எதிர்ப்புறம், உயிரெழுத்து மட்டுமே கையில் குவிந்துவிட்டால்? ஏ, ஏ: ஹவாய்த் தீவில் கரடுமுரடாக உறைந்த எரிமலைக் குழம்பு. ஏ, ஐ: மூன்று விரலோடு, தேவாங்கு மாதிரி மரத்தில் தொங்கும் ஒரு தென்னமெரிக்கச் சோம்பேறி விலங்கு. ஏ, ஐ, ஏ: ஆயா! வெள்ளைக்காரர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்ட பெண்ணுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்த பெயர். நம் மாவட்டத்தில் ஆயா என்றால் பாட்டி. இரண்டும் ஒரே சொல்லா என்று நான் இறங்க மாட்டேன், ஆனால் கையில் இரண்டு ஏ-யும் ஒரு ஐ-யும் வந்தால் உங்கள் மகள் பாட்டியை நினைத்தால் போதும்.

ஒன்று மறந்துவிட்டேன். இந்தியப் போட்டிகளில் காலின்ஸ் அகராதியின் சொற்பட்டியலைத்தான் வைத்துக்கொள்வார்கள், அமெரிக்கப் பட்டியல் அதைவிடச் சின்னது. இணையத்தில் கிடைக்கும் தாள்கள் இரண்டையும் கலந்து கட்டியிருக்கும். பள்ளியில் எந்தப் பட்டியல் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆயா காலின்ஸ் ஆள்.

நம் மண்ணிலிருந்தே நேராகப் போன ஒரு சொல்லும் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது, பாதி உண்மைதான். ஆர், ஒய், ஓ, டீ. ரயத்து. மூலம் அரபு, மேய்க்கப்படும் மந்தை, அதிலிருந்து குடிமக்கள், அதிலிருந்து உழவர். ஆனால் இந்தச் சொல்லை ஆங்கிலேயர் நிர்வாகத்தில் பெரிதாக்கியது இங்கேதான். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதில் அடக்கம். அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, ஜமீன்தார் இல்லாமல் உழுபவனிடமே தீர்வை வாங்கும் முறையை இங்கே தொடங்கிப் பார்த்தார்கள். அதுதான் ரயத்துவாரி. நான் முப்பது வருஷம் சாப்பிட்ட சோறு அந்த நாலெழுத்தில் இருக்கிறது. ஆட்டத்தில் என்னவோ 7 புள்ளிதான்.

கடைசியாக உங்கள் மகள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றை நானே கேட்டுக்கொள்கிறேன், என் பேத்தி கேட்டதால். ராகி செல்லுமா? செல்லும், ஆர், ஏ, ஜி, ஐ, அகராதியிலேயே இருக்கிறது. அப்படியானால் களி? கே, ஏ, எல், ஐ என்று வைத்தால் காலின்ஸில் செல்லும், 8 புள்ளி. ஆனால் சட்டியில் கிண்டுகிற களி அல்ல. உப்பு நிலத்தில் வளரும் ஒரு முட்செடி. அதை எரித்த சாம்பலிலிருந்துதான் பழைய காலத்தில் சோப்புக்கும் கண்ணாடிக்கும் காரம் எடுத்தார்கள். வேதியியல் பாடத்தில் வரும் 'அல்கலி' அந்தச் செடிச் சாம்பலுக்கான அரபுப் பெயர். அதில் உள்ள 'க' எந்தக் 'க' என்று உங்கள் மகளையே கேட்டுப் பாருங்கள். காஃப்தான். இந்தத் தடவை கே வாங்கிக்கொண்டு போய்விட்டது.